வீடு பார்த்தாயிற்று, வண்டிக்கு இடம் பார்த்தீர்களா?

வடாலா ஆண்டாப் ஹில் பகுதியில் டெம்போ ஓட்டிப் பிழைக்கும் அண்ணாச்சி ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இங்கேயே ஒரு வீடு வாங்கினார். நெல்லைச் சீமையில் இருந்த வயலை விற்ற பணம், மனைவியின் நகை, பாங்கிக் கடன் எல்லாம் அதில் அடக்கம். பால் காய்ச்சும் அன்று நானும் போயிருந்தேன். கிழக்குப் பார்த்த வாசல், நல்ல காற்று, குழாயில் தண்ணீர். எல்லோர் முகத்திலும் மகிழ்ச்சி. மறுநாள் காலையில் வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டினான். "டெம்போவைக் காம்பவுண்டுக்குள் நிறுத்தக் கூடாது என்று செகரட்டரி சொல்லிவிட்டார்" என்றான்.

வியாபார வண்டிகளுக்கு உள்ளே இடம் கிடையாது என்று சொசைட்டியில் எப்போதோ தீர்மானம் போட்டிருக்கிறார்கள். புரோக்கர் அதைச் சொல்லவில்லை. விற்றவரும் சொல்லவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. "வாஸ்து எல்லாம் பார்த்தேன் தம்பி, இதைக் கேக்கணும்னு தோணலையே" என்றார். அந்த டெம்போ இன்று வரை டிரக் டெர்மினல் பக்கம் சாலையோரத்தில்தான் நிற்கிறது. இரண்டு முறை பாட்டரி திருட்டுப் போயிற்று. அபராதம் கட்டியது எத்தனை முறை என்று அவருக்கே கணக்கு இல்லை. வீட்டுக்கும் தவணை, டெம்போவுக்கும் தவணை. இரவு மழை பலமாகப் பெய்தால் எழுந்து போய் வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறார்.

வண்டி நிறுத்த இடம் என்பது கார் வைத்திருக்கும் சீமான்களின் கவலை என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். தாராவியிலும் மாட்டுங்காவிலும் வடாலாவிலும் செம்பூரிலும் நம்மவர்கள் ஓட்டுவது என்ன? டாக்சி, ஆட்டோ, டெம்போ, இட்லி விற்கப் போகும் சைக்கிள், சரக்கு ஏற்றும் கைவண்டி. கார்க்காரருக்கு இடம் இல்லாவிட்டால் அது வெறும் அசௌகரியம். நம்மவருக்கோ அன்றைய பிழைப்பில் மண். ஆகவே இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் நாம்தான் கேட்பதே இல்லை!

கேட்டாலும் புரோக்கர் சொல்லும் பதில் "மில் ஜாயேகா". அந்த இரண்டு வார்த்தையை நம்பி டோக்கன் கொடுத்து விடுகிறோம்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. தஹிசரில் பாஞ்சாலி என்ற கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கத்துக்கும், அந்தக் கட்டடங்களைக் கட்டிய கம்பெனிக்கும் வழக்கு நடந்தது. தூண்களுக்கு இடையே கீழ்த்தளத்தில் இருந்த 25 வண்டி இடங்கள் யாருக்குச் சொந்தம் என்பதே தகராறு. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. 2010 ஆகஸ்டு 31-ந் தேதி நீதிபதிகள் லோதா, பட்நாயக் இருவரும் தீர்ப்புக் கூறினார்கள். தூண்களுக்கு அடியில் உள்ள இடம் எல்லோருக்கும் பொதுவானது, அதைத் தனியாக விற்கப் பில்டருக்கு உரிமை இல்லை என்பது தீர்ப்பு. 2021-ல் மகாரேரா, எப்.எஸ்.ஐ. கணக்கில் சேராத திறந்தவெளி இடத்தையும் விற்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. மூடிய பார்க்கிங்கை விற்கலாம், ஆனால் அக்ரிமெண்டில் எழுதி விற்க வேண்டும். 2024 ஏப்ரலில் அதே மகாரேரா இன்னும் ஒரு படி மேலே போய், வண்டி இடத்தின் நீளம், அகலம், உயரம், எண், எந்த மூலையில் இருக்கிறது என்பது வரை ஒதுக்கீட்டுக் கடிதத்திலும் அக்ரிமெண்டிலும் குறிப்பிட வேண்டும் என்று உத்தரவிட்டது. குறுக்கே பீம் வருகிறது, காரை விட்டால் கதவைத் திறக்க முடியவில்லை என்றெல்லாம் புகார்கள் போனதால் வந்த உத்தரவு இது.

இவ்வளவு இருந்தும் பழைய வீடு கைமாறும்போது என்ன நடக்கிறது? "வீட்டுக்கு இவ்வளவு, என் பார்க்கிங்குக்குத் தனியாக இவ்வளவு, அது ரொக்கம்" என்று விற்பவர் கேட்கிறார். அந்த இடம் பெரும்பாலும் அவருடையதே அல்ல. சொசைட்டி அவருக்கு அனுபவிக்கக் கொடுத்தது. இடத்தைவிட வண்டிகள் அதிகமானால் ஆண்டுதோறும் குலுக்கல் போட்டுக் கொடுக்கலாம் என்று சொசைட்டிகளுக்கான மாதிரி விதியே சொல்கிறது. நாளைக்குக் குலுக்கலில் போகக்கூடிய இடத்துக்கு லட்சக்கணக்கில் ரொக்கம் கொடுத்துவிட்டு, ரசீதும் இல்லாமல் நின்றால் எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது? என்னைக் கேட்டால், சொசைட்டி செகரட்டரியிடமிருந்து எழுத்து மூலமாக ஒரு கடிதம் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. கடிதத்தில் என்ன வண்டி என்பதையும் எழுதி வாங்க வேண்டும். டெம்போ என்றால் டெம்போ என்றே இருக்கட்டும்.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? நமது வடாலாவிலேயே 2018 ஜூன் 25-ந் தேதி நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். லாயிட்ஸ் எஸ்டேட் அருகே புதுக் கட்டடத்துக்குத் தோண்டியிருந்த பள்ளத்தின் பக்கம் மழையில் சுவர் சரிந்து, நிறுத்தியிருந்த கார்கள் மண்ணோடு மண்ணாகப் போயின. நல்லவேளையாக ஆட்கள் யாரும் அடியில் இல்லை. 2024 மே 13-ந் தேதி அடித்த புழுதிப் புயலில், காட்கோபரில் ராட்சத விளம்பரப் பலகை சாய்ந்து 17 பேர் மாண்ட அதே நாளில், வடாலாவில் கட்டிக்கொண்டிருந்த இரும்புப் பார்க்கிங் கோபுரம் ஒன்றும் சாலையில் விழுந்தது. இப்போது புதுக் கட்டடங்களில் வண்டியைத் தூக்கி அடுக்கி வைக்கும் எந்திரம்தான். ஆகவே லிப்டை யார் பழுது பார்ப்பார்கள், அந்தச் செலவு மாதா மாதம் மெயிண்டனன்சில் எவ்வளவு வரும், கரண்ட் போனால் காலையில் வண்டியை எப்படி இறக்குவது என்றும் கேட்டு வைக்க வேண்டும். பள்ளத்துக்குள் இறக்கும் வகை என்றால் மழைத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தனியாகக் கேளுங்கள். கிங்ஸ் சர்க்கிளிலும் ஆண்டாப் ஹில்லிலும் வசிப்பவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் 11 மணிக்கு வீடு பார்க்கப் போவது நம் வழக்கம். அந்த நேரத்தில் எந்தக் காம்பவுண்டும் விசாலமாகத்தான் தெரியும். வேலை நாளில் இரவு 10 மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். ஜூலை மாதம் ஒரு முறை போய்ப் பாருங்கள். வாட்ச்மேனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால், புரோக்கர் ஒரு மாதமாகச் சொல்லாததை அவன் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். குடிசை மாற்றுத் திட்டத்து வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று பவர் ஆப் அட்டர்னி எழுதி வாங்குகிறவர்கள் நம்மில் அநேகர். குறிப்பிட்ட ஆண்டுகள் கழியாமல் அந்த வீட்டை விற்கவே உரிமை கிடையாது. வீடே நம்முடையது என்று சொல்ல முடியாத இடத்தில் வண்டிக்கு யாரிடம் போய் இடம் கேட்பது? நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ஒதுக்கி, மாதம் ஒரு நாள் ஒரு வக்கீலை உட்காரவைத்து வீட்டுப் பத்திரம் படித்துச் சொல்லச் செய்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

நானும் இப்போது வீடு தேடுகிறவன்தான். ரெயில்வே குமாஸ்தா சம்பளத்தில் வடாலா ஸ்டேஷன் பக்கம் கிடைப்பது கஷ்டம் என்பது தெரியும். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர். வருகிற புதன்கிழமை இரவு ஷிப்டு முடிந்ததும் கோலிவாடா பக்கம் ஒரு வீடு பார்க்கப் போகிறேன். அண்ணாச்சியும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார், டெம்போவில்.