மலைக்கு நாள் பாத்துட்டு வாங்க

போன வாரம் குச்சிக்கிழங்கு காட்டுல களை வெட்டிட்டு இருந்தப்ப சென்னையிலிருந்து பொண்ணு போன் பண்ணுச்சு. "அப்பா, தீபாவளிக்கு நாலு நாள் சேந்தாப்புல லீவு வருது. கொல்லிமலைக்குப் போலாம்னு இருக்கோம். ரூம் போடப் போறோம், நீங்களும் அம்மாவும் வந்துருங்க"ன்னுச்சு.

எங்க வீடு சேந்தமங்கலம் பக்கம். வாசல்ல கட்டில் போட்டு உக்காந்தா எதுத்தாப்புல கொல்லிமலைதான். "பணம் கட்டிறாத கண்ணு, ஐப்பசியில வேண்டாம்"னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். ஆசையா கூப்பிட்ட புள்ளைகிட்ட பட்டுனு சொல்லிட்டமேன்னு எனக்கும் சங்கடமாப் போச்சு. ஆனா சொன்னது தப்பில்லைன்னுதான் இப்பவும் நினைக்கறேன். ஏன்னு சொல்றேன்.

டவுன்ல இருக்கறவங்க காலண்டர்ல சிவப்புத் தேதியைப் பாத்துதான் மலைக்குத் திட்டம் போடறீங்க. குளிர் தேசத்துல அக்டோபர்னா இலையெல்லாம் நெறம் மாறும், ஊர் சுத்த நல்ல காலம்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்க் கணக்கு வேற. நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை"ன்னு பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல. அக்டோபர் மூணாவது வாரம் வாக்குல வடகிழக்குப் பருவமழை இறங்கும். தமிழ்நாட்டுக்கு வருசம் பூரா கிடைக்கற மழையில கிட்டத்தட்ட பாதி அந்த மூணு மாசத்துல பெய்யறதுதான். தீபாவளியும் சரியா அந்த நேரத்துலதான் வருது.

ஒரு நாள் மழைக்கு மலை ஒண்ணும் ஆகாது. விடாம மூணு நாலு நாள் பெஞ்சா மண்ணு தண்ணியைக் குடிச்சு குடிச்சுக் கனத்துப் போகும். ரோடு போட வெட்டுன எடத்துல அந்த மண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. அங்கதான் முதல்ல சரியும். மழை விட்டு வெயில் அடிச்ச பிறகும் சரியும். 2009 நவம்பர்ல நீலகிரியில நாலஞ்சு நாள் மழையில அங்கங்க மலை சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்துப் போனாங்க. வீட்டுக்குள்ள தூங்கிட்டு இருந்தவங்களும் அதுல உண்டு.

நானே ஒரு தடவை மாட்டியிருக்கேன். இருவது வருசம் இருக்கும். கார்த்திகை மாசம் மேல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு சாயந்தரம் பஸ்ல இறங்கறோம். காரவள்ளி ரோட்டுல மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல வந்தாச்சு, முன்னாடி மரமும் மண்ணுமா ரோட்டை அடைச்சு விழுந்து கிடக்குது. மழை வேற. திரும்பி மேல ஏறி ஒரு மலையாளி வீட்டுத் திண்ணையில பதினஞ்சு பேர் ஒண்டுனோம். மலையாளின்னா கேரளாக்காரங்க இல்லீங்க, கொல்லிமலை ஆதிவாசி மக்களுக்கு அதுதான் பேரு. அந்த அம்மா சாமைச் சோறாக்கி எல்லாருக்கும் போட்டுச்சு. காசு குடுத்தா வாங்கல. காலையில அரசாங்க வண்டி வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர் ஆளுங்க கடப்பாரையும் மம்முட்டியும் எடுத்துட்டு வந்து பாதி மண்ணை அள்ளிட்டாங்க.

எனக்கு அது ஒரு ராத்திரி. அவங்களுக்கு வருசா வருசம் அதுதான் பொழப்பு. ரோடு அடைச்சா வாழைத்தார் சந்தைக்குப் போகாது, பிரசவ வலி வந்தவளைக் கீழ இறக்க முடியாது. அந்த நேரம் பாத்து நாமளும் நூறு காரைக் கொண்டுபோய் வளைவுல வரிசையா நிறுத்துனா, ஆம்புலன்ஸ் எந்த வழியா போகும்?

மழையில மலை அழகுதானேன்னு கேப்பீங்க. அழகுதான், இல்லைங்கல. ஆனா ஆகாய கங்கையில தண்ணி மிரட்டுனா குளிக்க விட மாட்டாங்க. கீழ போக ஆயிரம் படிக்கு மேல இருக்கு, மழையில வழுக்கும். கடைசியில ரூமுக்குள்ள உக்காந்து டிவி பாக்கறதுக்கா அவ்வளவு தூரம் வரணும்?

தை பொறந்து வாங்க. அருவியில தண்ணி இருக்கும், காலையில பனி இறங்கும். மிளகு பறிக்கற காலம், காப்பிப் பழமும் பறிப்பாங்க. சனி, ஞாயிறை விட்டுட்டு வந்தா இன்னும் நல்லது. மிளகும் மலை வாழைப்பழமும் விளைய வச்சவங்க கையிலயே வாங்குங்க.

லீவு கிடைக்காம ஐப்பசியிலதான் வருவேன்னா, ஒரு நாளைச் சும்மா கையில வச்சுக்கிட்டு வாங்க. மழை பெஞ்சா மலையை விட்டுட்டு கீழயே தங்கணும்ங்கற மனசு வேணும். பகல்லயே ஏறி பகல்லயே இறங்குங்க. ஏறுற வண்டிக்கு வழி விடணும். ஏறுன கியர்லயே இறங்கணும், நியூட்ரல் போட்டு இறங்கக் கூடாது. ஓடையில நிக்கும்போது தண்ணி செவக்க ஆரம்பிச்சா, சருகும் குச்சியும் மிதந்து வந்தா, உடனே கரையேறிருங்க. உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும், மேல மழை கொட்டிட்டு இருக்கும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போறதா இருந்தா இ-பாஸ் எடுக்கணும். 2024 மே மாசத்துல இருந்து அது நடைமுறையில இருக்கு.

இவ்வளவு பேசற நானும் யோக்கியன் இல்லீங்க. கல்யாணம் ஆகி முப்பது வருசமா வீட்டுக்காரி வாசல்ல நின்னு அந்த மலையைப் பாத்துட்டே இருக்கா. ஒரு ராத்திரி மேல தங்கணும்னு அவளுக்கு ஆசை. களை இருக்கு, அறுப்பு இருக்குன்னு நான்தான் தள்ளிக்கிட்டே வந்தேன். பொண்ணு போன் பண்ணப்ப அவ முகத்தைப் பாத்திருக்கணும்.

அதனால நேத்து நானே போன் பண்ணேன். "தை மாசம் பொங்கல் கழிச்சு வாங்க சாமி, எல்லாருமா போலாம். லீவு நீங்க கேளுங்க, காட்டு வேலையை நான் ஒதுக்கி வைக்கறேன்"னேன். குச்சிக்கிழங்கு பத்து நாள் தள்ளி வெட்டுனா ஒண்ணும் ஆகாது. மண்ணுக்குள்ளதானே இருக்கு, எங்கயும் ஓடிப்போகாது. மாப்ள கம்பெனியில கேட்டுட்டுச் சொல்றேன்னிருக்காரு. பேத்தி மட்டும், "அப்புச்சி, இந்தத் தடவை மாத்த மாட்டீங்கல்ல?"ன்னு கேட்டுச்சு.

மாட்டேன்னு சொல்லியிருக்கேன்.