வரியை மறுப்போரும் மறுக்க முடியாதோரும்: மலையகத்திலிருந்து ஒரு கணக்கு

ஹட்டன் பஸாரில் தோட்டத் தொழிலாளி ஒருவர் சவர்க்காரம், பற்பசை, பிள்ளைகளுக்கு பிஸ்கட் என்று 1,180 ரூபாவுக்குப் பொருள் வாங்கினால், அதில் 180 ரூபா வரை பெறுமதி சேர் வரி, அதாவது வற். 2024 ஜனவரி முதல் அதன் வீதம் 18. 'இந்த வரியை நான் தர வேண்டியதில்லை' என்று அவர் கடைக்காரரிடம் வாதாட முடியாது. பொருளின் விலைக்குள்ளேயே வரி இருக்கிறது.

வருமான வரியின் கதை வேறு. மதிப்பீட்டு அறிவித்தல் கையில் கிடைத்ததும், 'இவ்வளவு நான் தர வேண்டியதில்லை' என்று எழுத்தில் ஆட்சேபிக்கலாம். முதலில் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குள்ளேயே மீளாய்வு நடக்கும். அதில் திருப்தி இல்லையென்றால், 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. அதற்கு மேல், சட்ட வினா இருந்தால் மேன்முறையீட்டு நீதிமன்றம், இறுதியில் உயர் நீதிமன்றம். விசாரணை அமர்வு தொடங்கியதிலிருந்து 270 நாட்களுக்குள் ஆணைக்குழு தீர்ப்பளிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒரு தகராறு எல்லாப் படிகளையும் ஏறி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இந்தப் படிகளில் ஏறும் தகுதி மலையகத் தொழிலாளிக்கு இல்லை. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட 1,550 ரூபா நாட்சம்பளமும் 200 ரூபா வருகை ஊக்கத்தொகையும் சேர்ந்து, மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்தால்கூட 43,750 ரூபா. வரி எல்லையோ மாதம் ஒன்றரை இலட்சம். அப்படியானால் வரி வழக்குகளைப் பற்றி மலையகம் ஏன் கவலைப்பட வேண்டும்? நிலுவையை அறவிட அரசு கையாளும் சட்டக் கருவி, தொழிலாளியின் சேமலாப நிதியை மீட்கும் அதே கருவி என்பதால்தான்.

நீதவானின் முன் ஒரு சான்றிதழ்

வரி நிலுவையானதும் ஆணையாளர் நாயகம் ஒரு சான்றிதழை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அதில் நிலுவையாளரின் பெயரும் தொகையும் இருக்கும். நீதவான் அவரை அழைத்து, அறவிடும் நடவடிக்கையை ஏன் தொடரக் கூடாது என்று காரணம் கேட்பார். தகுந்த காரணம் காட்டப்படாவிட்டால் அந்தத் தொகை தண்டப்பணமாகக் கருதப்படும். தண்டம் கட்டப்படாவிட்டால் சிறை.

இந்த நடைமுறையின் கடுமை ஒரு வாசகத்தில் இருக்கிறது. சான்றிதழில் உள்ள கூற்று சரியா பிழையா என்று நீதவான் ஆராய முடியாது. 2006ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதை வெளிப்படையாகவே சொன்னது. தொகை அதிகம் என்று ஒருவர் முறையிட்டால், ஆணையாளர் நாயகத்திடம் ஆட்சேபனை கொடுப்பதற்காக வழக்கை 30 நாட்களுக்கு மேற்படாமல் ஒத்திவைக்கலாம், அவ்வளவுதான். வரி தகராறுக்குரிய இடம் மேன்முறையீடு. நீதவான் நீதிமன்றம் அறவிடும் இடம் மட்டுமே.

இப்போது 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின் 38ஆம் பிரிவைப் பாருங்கள். ஆணையாளரின் சான்றிதழ், நீதவானின் அழைப்பாணை, தண்டப்பணமாக மாறும் நிலுவை, சான்றிதழின் சரி பிழையைக் கேள்விக்குட்படுத்தத் தடை என எல்லாம் அப்படியே இருக்கின்றன. தொழிலாளியின் பணத்தை அரசின் வரிப் பணத்துக்குச் சமமாகக் கருதிய சட்டம் இது. காகிதத்தில் இதைவிட வலுவான பாதுகாப்பைக் கேட்க முடியாது.

ஏற்கெனவே வாங்கப்பட்ட பணம்

2024 ஜூலையில் கொழும்பில் நடந்த ஒரு வழக்கு இந்தக் கருவியின் வலிமையைக் காட்டியது. மதுபானம் தயாரிக்கும் டபிள்யூ.எம். மெண்டிஸ் கம்பனி சுமார் 350 கோடி ரூபா வற் வரியைச் செலுத்தத் தவறியதற்காக, அர்ஜுன் அலோசியஸ் உட்பட அதன் பணிப்பாளர்கள் மூவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெரிய பெயர்களும் சிறை செல்லலாம் என்பதைப் பலர் வியப்போடு பார்த்தார்கள்.

ஆனால் வற் என்பது கம்பனி தன் இலாபத்திலிருந்து கொடுக்கும் வரியல்ல. போத்தலை வாங்கியவர் கடையிலேயே அதைக் கொடுத்துவிட்டார். கம்பனி அதை வசூலித்து அரசிடம் ஒப்படைக்க வேண்டிய இடையாள் மட்டுமே. இடையாள் கட்டாமல் விட்டது பொதுமக்கள் ஏற்கெனவே கொடுத்த பணம்.

சேமலாப நிதியிலும் இதுவே நடக்கிறது. 25 நாள் வேலைக்கு 1,550 ரூபா வீதம் 38,750 ரூபா. அதில் 8 வீதமான 3,100 ரூபா தொழிலாளியின் பங்காகச் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. தொழில் வழங்குநர் 12 வீதம், அதாவது 4,650 ரூபா சேர்த்து, மாதம் 7,750 ரூபாவை நிதியில் இட வேண்டும். இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். தோட்டம் இதைக் கட்டாமல் விட்டால் தொழிலாளிக்கு இரட்டை இழப்பு. தன் கூலியில் வெட்டப்பட்டதும் போகிறது, தனக்காகச் சேர வேண்டியதும் போகிறது. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் இந்தப் பணத்தைக் கேட்டுப் போகும்போதுதான் ஓட்டை தெரியவருகிறது.

அரசே நிலுவைக்காரராகும்போது

மலையகத்தில் இந்த ஓட்டைக்கு நீண்டகாலமாகப் பேர்போனவை தனியார் கம்பனிகள் மட்டுமல்ல. மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை, இலங்கை அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பிளான்டேசன் ஆகிய அரச நிறுவனங்களின் சேமலாப நிதி நிலுவை நாடாளுமன்றத்தின் கோப் குழுவரை பேசப்பட்ட விடயம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டமும் அரச கூட்டுத்தாபனத்தின் கீழ் வருவதுதான்.

வரி கட்டாத தனியாரை அரசு நீதவான் முன் நிறுத்தும்போது ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் நிலுவைக்காரர். அரச தோட்டத்தின் சேமலாப நிதி வழக்கில் இரண்டு பக்கமும் அரசே. தண்டம் விதிக்கப்பட்டாலும் அதைக் கட்ட வேண்டியது நட்டத்தில் ஓடும் கூட்டுத்தாபனம், இறுதியில் திறைசேரி. தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறுகிறது. அந்த எண்ணால் யாருக்கும் அச்சமில்லை. சட்டம் ஒன்றுதான், அதைப் பிடித்திருக்கும் கை தளர்ந்துவிடுகிறது.

தகராறு வேறு, காலம் கடத்தல் வேறு

இதற்காக, மறுக்கும் உரிமையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. அந்த உரிமை இல்லாத காலத்தை நுவரெலியா மாவட்டம் பார்த்திருக்கிறது. 1880களில் வலப்பனைப் பகுதி விவசாயிகள் நெல் வரியைப் பணமாகக் கட்ட வேண்டியிருந்தது. கோப்பி நோயால் அழிந்ததில் கிராமத்துக்கு வந்துகொண்டிருந்த காசும் நின்றுபோயிற்று. கட்ட முடியாதவர்களின் வயல்கள் விற்கப்பட்டன. பட்டினியும் சாவும் தொடர்ந்தன. இதை வெளிக்கொணர்ந்தவர்களில் நுவரெலியாவின் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெ மெசூரியரும் ஒருவர். ஜோர்ஜ் வோல் போன்றோரின் நீண்ட பிரசாரத்தின் பின், 1892இல்தான் அந்த வரி ஒழிக்கப்பட்டது. கணக்கைக் கேள்வி கேட்க வழியில்லாத வரி ஏழையின் நிலத்தைத்தான் முதலில் எடுக்கும்.

ஆகவே நேர்மையான தகராறையும் கட்ட மறுப்பதையும் வேறுபடுத்த வேண்டும். அமெரிக்காவில் வருமான வரியே செல்லாது என்று வாதிடும் ஒரு கூட்டம் நெடுங்காலமாக இருக்கிறது. அங்குள்ள உயர் நீதிமன்றம் 1991இல் சீக் வழக்கில் ஒரு கோடு போட்டது. சட்டத்தை உண்மையாகவே பிழையாக விளங்கிக்கொண்டவர் வேண்டுமென்றே குற்றம் செய்தவராகமாட்டார். சட்டத்தை விளங்கிக்கொண்டு, அது அரசியலமைப்புக்கு முரண் என்று தானே தீர்மானித்துக் கட்டாமல் விடுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நடிகர் வெஸ்லி ஸ்னைப்ஸ் வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்காததற்காக 2008இல் மூன்று ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

நமது பிரச்சினை இவை இரண்டிலும் அடங்காது. இங்கே கடன் இருப்பதை யாரும் கொள்கையாக மறுப்பதில்லை. நீதிமன்றப் படிகளைப் பயன்படுத்திக் காலம் வாங்குகிறார்கள். 2024 ஏப்ரல் 30இல் 1,700 ரூபா நாட்சம்பளத்துக்கான வர்த்தமானி வந்தது. கம்பனிகள் வழக்குத் தொடுத்தன. ஜூலை 4இல் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 ரூபாவில் விடயம் முடிந்தது. வழக்குத் தொடுப்பது கம்பனிகளின் உரிமை, அதை மறுக்கவில்லை. ஆனால் வழக்கு நடந்த மாதங்களுக்கான விலையை லயன் அறைகளில் இருந்தவர்களே கொடுத்தார்கள்.

செய்ய வேண்டியவை

தகராறுக்கு உட்படாத பகுதியை முதலில் கட்டு என்பது வரி மேன்முறையீடுகளில் நியாயமான விதி. சேமலாப நிதியில் அதை இன்னும் கறாராக வைக்கலாம். தொழிலாளியின் கூலியில் வெட்டப்பட்ட 8 வீதத்தைப் பற்றித் தகராறே இருக்க முடியாது. வெட்டியதற்குச் செக்ரோலே சாட்சி. அதை உடனே கட்டவைத்துவிட்டு, மிகுதிக்கு வாதாடட்டும்.

எந்தத் தோட்டத்துக்கு எதிராக எந்த நீதவான் நீதிமன்றத்தில் சான்றிதழ் வழக்கு இருக்கிறது, எவ்வளவு அறவிடப்பட்டது என்பதைத் தொழில் திணைக்களம் தமிழிலும் சிங்களத்திலும் ஒழுங்காக வெளியிட வேண்டும். அரச தோட்டங்களின் நிலுவையை மேலதிகக் கட்டணத்தோடு திறைசேரி ஏற்று, ஆண்டுக்காண்டு முடிக்கும் அட்டவணையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் சம்பள உயர்வு நாளில் மட்டும் தோட்டத்துக்கு வராமல், அங்கத்தவரின் சேமலாப நிதி மீதியை ஆண்டுதோறும் சரிபார்க்க உதவ வேண்டும். 50 வயதில் பணம் கேட்டுப் போகும் பெண் அங்கே முதல் தடவையாக நிலுவையைப் பற்றிக் கேள்விப்படும் நிலை இனியும் தொடரக் கூடாது.