ஸ்டியரிங் கையில் எத்தனை மணி நேரம்?

கேள்வி: "எங்களிடம் 45 குதிரைத்திறன் டிராக்டர் இருக்கிறது. கணவருக்கு முதுகுத்தண்டில் பிரச்னை வந்து, இனி டிராக்டரில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உழவு நேரத்தில் கூலிக்கு டிரைவர் கிடைப்பதில்லை. இப்போதைக்கு 16 வயது மகன்தான் ஓட்டிச் சமாளிக்கிறான். நானே கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். டவுனில் இரண்டு டிரைவிங் ஸ்கூல் உண்டு. ஒன்றில் 15 நாளைக்கு 4,500 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு நாலு பேரைச் சேர்த்துக் காரில் அழைத்துப் போகிறார்கள். இன்னொன்றில் 21 நாளைக்கு 7,000 ரூபாய். தினம் அரை மணி நேரம் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். லைசென்ஸ் கட்டணம் இரண்டிலும் தனி. எதில் சேரலாம்? டிராக்டருக்கு வேறு லைசென்ஸ் வேண்டுமா?"
- 38 வயது வாசகி, மணப்பாறை வட்டாரம், திருச்சி மாவட்டம்.

பதில்: மகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவது நல்லது. இன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிட வேண்டும். 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது முடியும்வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. வயலுக்குள் மட்டும்தானே ஓட்டுகிறான் என்று சமாதானம் சொல்வார்கள். வயலுக்குப் போகத் தார் ரோட்டைக் குறுக்கே தாண்டினாலே சட்டம் வந்துவிடும். விபத்து நடந்து ஒருவர் அடிபட்டால், இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குக் கொடுத்த இழப்பீட்டை டிராக்டர் உரிமையாளரிடமே திரும்ப வசூலிக்க வழியிருக்கிறது. அதற்கு நிலத்தைத்தான் விற்க வேண்டியிருக்கும்.

இனி கட்டணம். உரம் வாங்கும் விவசாயி மூட்டை விலையை மட்டும் பார்ப்பதில்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோவுக்கு மேல் தழைச்சத்து இருக்கிறது. 50 கிலோ அம்மோனியம் சல்பேட் மூட்டையில் 10 கிலோ சொச்சம்தான். சத்துக்குக் கொடுக்கிற காசுதான் கணக்கு. டிரைவிங் ஸ்கூலிலும் அப்படியே, ஸ்டியரிங் கையில் இருக்கிற நேரத்துக்குத்தான் காசு.

வாசகி எழுதிய முதல் பள்ளியில் ஒரு மணி நேரத்தை நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்குக் கால் மணி. 15 நாளைக்கு மூன்றே முக்கால் மணி நேரம். அதாவது ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 1,200 ரூபாய். இரண்டாவது பள்ளியில் 21 நாளைக்குப் பத்தரை மணி நேரம்; மணிக்கு ஏறக்குறைய 667 ரூபாய்தான் விழுகிறது. விலை கூடின பள்ளிதான் மலிவு. பின் சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தாலும் கொஞ்சம் புரியும், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கிளச் பிடிப்பு கண்ணால் வராது, காலால்தான் வரும்.

இதில் சட்டமும் வாசகியின் பக்கம்தான். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன் படி சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது, அதில் உள்ளபடியே வண்டி ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. 15 நாளில் முடித்துவிடுகிறோம் என்பதை ஒரு வசதி போலச் சொல்லும் பள்ளி, விதியை மீறுவதைத்தான் விளம்பரம் செய்கிறது. யாருக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுத்தோம் என்று பள்ளி ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். பணம் கட்டும் முன்பே, "தினமும் என் பக்கத்தில் நேரம் எழுதிக் காட்டுவீர்களா?" என்று கேட்டுவிடலாம். முகம் சுளித்தால் அடுத்த பள்ளியைப் பார்க்க வேண்டியதுதான்.

விதைக் கடையில் உரிமத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பது போலவே இங்கேயும் பார்க்க வேண்டும். பள்ளியின் உரிமம் படிவம் 11-ல் இருக்கும். அதையும் பயிற்றுநர்களின் பெயரையும் அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. பயிற்றுநருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 5 ஆண்டு ஓட்டிய அனுபவம், மோட்டார் மெக்கானிக் படிப்புச் சான்று ஆகியவை வேண்டும்.

சேருவதற்கு முன் ஒரு தடவை காரையும் போய்ப் பார்ப்பது உத்தமம். பயிற்றுநர் உட்காரும் இடது பக்கத்திலும் பிரேக், கிளச் மிதிகள் இருக்க வேண்டும். அவை இல்லாத காரில் ஏறக் கூடாது. இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. சில பயிற்றுநர்கள் பயத்திலோ அவசரத்திலோ கடைசி நாள்வரை தங்கள் காலை அந்த மிதியிலிருந்து எடுப்பதே இல்லை. கிளச்சை அவர் மிதிப்பார், ஸ்டியரிங்கை மட்டும் இவர் பிடித்திருப்பார். கார் அழகாக ஓடும், நமக்கு ஓட்ட வந்துவிட்டது என்று தோன்றும். வீட்டுக்கு வந்து தனியாக வண்டியை எடுக்கும்போதுதான் உண்மை தெரியும். ஒரு வாரம் ஆனதும், காலை எடுத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஏற்கனவே அங்கே படித்துவிட்டு வந்த பெண்கள் யாராவது ஊரில் இருந்தால் அவர்களிடம் இதைக் கேட்டாலே பள்ளியின் தரம் விளங்கிவிடும்.

"நீங்க சும்மா வந்து நில்லுங்க, மத்ததை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்லும் இடமும் உண்டு. அங்கே லைசென்ஸ் கிடைக்கலாம், ஓட்டத் தெரியாது. இரண்டு டன் இரும்பை டிரெய்லரோடு கட்டி இழுக்கப் போகிறவருக்கு அட்டை மட்டும் இருந்து என்ன பயன்?

அரசுக் கட்டணத்தையும் பயிற்சிக் கட்டணத்தையும் பிரித்து ரசீது கேட்க வேண்டும். மத்திய விதிப்படி ஒரு பிரிவு வாகனத்துக்கு எல்.எல்.ஆர். 150, அதற்கான தேர்வு 50, ஓட்டுத் தேர்வு 300, லைசென்ஸ் 200 என மொத்தம் 700 ரூபாய். சேவைக் கட்டணம் கொஞ்சம் கூடலாம். ஸ்கூட்டருக்கும் சேர்த்து எடுத்தால் எல்.எல்.ஆருக்கு 150, ஓட்டுத் தேர்வுக்கு 300 கூடும்; இதுவரை ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் இல்லாதவர்கள் கையோடு எடுத்துவிடலாம். எல்.எல்.ஆருக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்க முடியும். 40 வயது தாண்டியவர்கள் டாக்டரிடம் படிவம் 1ஏ வாங்க வேண்டும். இந்த வாசகிக்கு அது தேவையில்லை.

7,000 ரூபாயும் பாரம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. மாவட்டத்தின் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் (ஆர்செட்டி) கிராமத்து மக்களுக்குத் தொழிற்பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்குமிடமும் உண்டு. அவர்கள் பயிற்சிப் பட்டியலில் இலகுரக வாகன ஓட்டுநர் பயிற்சியும் இருக்கிறது. எல்லா நேரமும் அந்த வகுப்பு நடக்காது. வங்கிக் கிளையில் விசாரித்துப் பெயரைக் கொடுத்து வைக்கலாம்.

டிராக்டருக்கு வேறு லைசென்ஸ் தேவையில்லை. வெற்று எடை 7,500 கிலோவைத் தாண்டாத டிராக்டர் சட்டப்படி இலகுரக மோட்டார் வாகனம்தான். 45 குதிரைத்திறன் டிராக்டர் இரண்டு டன் அளவில்தான் இருக்கும். அதனால் காரில் எடுக்கும் இலகுரக வாகன லைசென்ஸே போதும்.

கார் பள்ளியில் சொல்லித் தராத சில விஷயங்கள் டிராக்டரில் உண்டு. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் தனித்தனிப் பிரேக் மிதி. வயலில் திருப்ப அது உதவும். ரோட்டில் ஏறும் முன் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்தே ஆக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வேகத்தில் வண்டி குடை சாய்ந்துவிடும். டிரெய்லரோடு பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க வேண்டும். சேற்றில் பின் சக்கரம் சிக்கினால் ஆக்சிலரேட்டரை முறுக்கக் கூடாது. முன்பக்கம் தூக்கி வண்டி பின்னோக்கிக் கவிழும். ஓட்டுபவர் தப்பிப்பது கஷ்டம்.

கணவர் மட்கார்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதுதான் ஊரில் வழக்கம். இது வேண்டவே வேண்டாம். புதிதாகப் பழகுபவர் கிளச்சைப் படக்கென்று விட்டால் வண்டி குலுங்கும், மட்கார்டில் இருப்பவர் பின் சக்கரத்துக்கு முன்னால் விழுவார். காரில் கிளச் நன்றாகப் பழகிய பிறகு, அறுவடை முடிந்து காய்ந்த வயலில், கலப்பையும் டிரெய்லரும் பூட்டாமல், முதல் கியரில் தனியாக ஓட்டிப் பழகலாம். கணவர் வரப்பில் தள்ளி நின்று சத்தம் போட்டுச் சொல்லட்டும். முதுகு வலிக்காரருக்கு அதுதான் சரி. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில், பண்ணை இயந்திரப் பயிற்சி எப்போது நடக்கும் என்றும் கேட்டு வைக்கலாம்.

எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். அது கிடைத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டுத் தேர்வுக்குப் போக முடியும். 21 நாள் பயிற்சியை அந்த 30 நாளுக்குள்ளேயே முடித்துவிடலாம். வைகாசி முதல் வாரத்தில் எல்.எல்.ஆர். எடுத்தால், ஆனியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டி, ஆடி உழவுக்கு வாசகியே டிராக்டரை இறக்கிவிடலாம். லைசென்ஸ் அட்டை தபாலில் வீட்டுக்கே வரும் என்பதால் விண்ணப்பத்தில் கதவு எண்ணும் பின்கோடும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.