முதலில் எடுக்கப்பட்டவரும் காத்திருந்தவரும்



ஞாயிறு மாலைகளில் ஆனைகட்டித் தேநீர்க் கடையில் நம்மவர் கூடிக் கால்பந்தாட்டம் பேசுவது வழக்கம். எல்லைக்கு அப்பால் தமிழ்நாடு, இப்பால் கேரளம். ஆகவே ஒரே மேசையில் சென்னைக் கட்சியும் கேரளக் கட்சியும் அமைந்துவிடும். எவரைக் குழுவில் எடுத்திருக்க வேண்டும், ஓரத்தில் ஓடி ஆடும் இருவருள் எவர் மேலானவர் என்பதே ஓயாத விவாதம். சென்ற திங்கள் அவ்விவாதத்தில் நான் வாய் திறக்கவில்லை. அதற்குரிய காரணத்தைக் கூறவே இம்மாதம் எழுதுகிறேன்.

முதலில் பேச்சு நடந்த விதத்தைச் சொல்கிறேன். கேரளக் கட்சியினர் 2017ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள் மும்பையில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் தேர்வை நினைவூட்டினர். அது கிரிக்கெட்டில் நாம் காணும் ஏலம் போன்றதன்று. ஒவ்வொருவர்க்கும் விலை முன்னதாகவே வரையறுக்கப்பட்டிருந்தது. பத்துக் குழுக்களும் முறை வைத்து ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டன. அன்று முதற்பெயராக எடுக்கப்பட்டவர் மலப்புறம் மாவட்டத்து அனஸ் எடத்தொடிகா. விலை 1 கோடியே 10 லட்சம் ரூபாய். எடுத்தது ஜம்ஷெட்பூர் குழு. இளமையில் ஆட்டோ ஓட்டிய ஒருவர், இருநூற்றுக்கு மேற்பட்டோர் இருந்த பட்டியலில் முதல்வராக அழைக்கப்பட்டார் என்பதில் அவர்களுக்குப் பெருமிதம். அது நியாயமான பெருமிதமே.

கல்லூரியிற் பயிலும் இளைஞர் ஒருவர் அமெரிக்கச் செய்தியைக் கொண்டுவந்தார். முறை வைத்து ஆள் எடுக்கும் இவ்வழக்கம் அங்கே 1936ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் தொடங்கியதாம். முந்தைய ஆண்டில் கடைசியாக வந்த குழுவுக்கே முதல் உரிமை. வலியவர் மேலும் வலியவராகாமல், மெலிந்தவரும் தலை நிமிர வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆனால் வேடிக்கை பாருங்கள்: அவ்வாண்டு முதலாவதாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாளும் இறங்கவே இல்லை.

அவர்களுடைய கால்பந்து கையால் எறிந்து பிடிப்பது. நெடுந்தூரம் எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவரை ‘வைட் ரிசீவர்’ என்பர். நம் ஆட்டத்தில் ஓரத்தில் ஓடுபவர்க்கு ஒப்பானவர் எனலாம். 1985ஆம் ஆண்டுத் தேர்வில் அவ்விடத்துக்கு முதலில் எடுக்கப்பட்டவர் அல் டூன். மொத்த வரிசையில் பத்தாமவர். அடுத்து எடி பிரவுன், பதின்மூன்றாமவர். பதினாறாம் இடத்திலேதான் ஜெர்ரி ரைஸ் என்னும் பெயர் வந்தது. அவர் கொத்தனாரின் மகன். பெயர் பெறாத ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். ஓட்டத்தில் அத்தனை வேகமில்லை என்று ஐயுற்றோர் உண்டு. முதலிருவரும் சோடை போனவரல்லர். பிரவுன் முதலாண்டிலேயே சிறந்த புதுமுகம் என்னும் விருது பெற்றார். டூனும் சிறந்தே ஆடினார், எனினும் தலையில் பட்ட அடிகளால் 1992ஆம் ஆண்டோடு விலக நேர்ந்தது. ஆயின் 1,549 முறை பந்தைப் பிடித்து 22,895 கஜம் சேர்த்த ரைஸின் கணக்கை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

சென்னைக் கட்சியார் விடுவார்களா? அவர்கள் நம் இரு தமிழரை நிறுத்தினர். ஒருவர் குமரி மாவட்டத்து இரவிபுத்தன்துறைக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். மற்றவர் சென்னை வியாசர்பாடியின் நந்தகுமார் சேகர். இருவரும் ஓரத்தில் ஓடுபவர்; இருவரும் சென்னை சிட்டி குழுவின் உடை தரித்தவர். 2019ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் நம் அண்டையிலுள்ள கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் பட்டம் வென்றதும் அக்குழுவே. சூசைராஜ் அதற்கு முன்பே ஜம்ஷெட்பூர் சென்று, பின்னர்க் கொல்கத்தாவின் ஏ.டி.கே. குழுவில் 2020இல் பட்டம் கண்டார். அவ்வாண்டு நவம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் காயமுற்றார். பருவம் முழுவதும் போயிற்று. நந்தகுமாரோ சற்று மெல்லவே பெயர் பெற்றார். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிரே அவர் அடித்த ஒரே கோலால், நெடுநாளாகத் தோற்றுவந்த அக்குழு தலை நிமிர்ந்தது.

இவ்விருவருள் மேலானவர் யார்? கடையில் இரவு எட்டு மணி வரை முடிவு காணவில்லை. தேர்வு நாளன்று எவரேனும் இம்முடிவுகளை எழுதி வைத்திருக்க முடியுமா என்பதே என் மனத்தில் ஓடிய கேள்வி.

நிற்க. என் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு நம் சங்கத்தின் எழுவர் அணியில் ஓரத்து இடம் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. இரு பையன்கள் வந்தனர். தேர்வாளர் மூவரில் நானும் ஒருவன். மற்றிருவர் ஆளுக்கொருவரைச் சொன்னமையால் முடிவு என் கையில் வந்தது. இருவரையும் நாற்பது மீட்டர் ஓடவிட்டுக் கடிகாரம் பார்த்தேன். முன்னால் வந்தவனை எடுத்தேன். மற்றவன் ஆடுவதை முன்பே பலமுறை பார்த்தவன் நான். பந்து வருமுன்பே எங்கு நிற்க வேண்டும் என்பதை அறிந்தவன் அவன். மழையிலும் சேற்றிலும், எல்லோரும் களைத்த கடைசிப் பத்து நிமிடத்திலும் அவனிடம் பந்து தங்கும். இவை கடிகாரத்தில் தெரியவில்லை. கடிகாரத்தைக் காட்டினால் என்னை எவரும் குறை கூற மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

போட்டிக்கு ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வந்திருந்தார். நான் எடுத்த பையன் நன்றாகவே ஆடி, அக்கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடமும் பெற்றான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மறு வாரம் மற்றவனின் தாயார் என்னை வழியில் கண்டு, “ஓடறதுக்கு மட்டுந்தானுங்களா தம்பி மார்க்கு?” என்று கேட்டார். கோபமில்லை, அறிந்துகொள்ளவே கேட்டார். எனக்கு விடை வரவில்லை. பையன் இன்று கோவையில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு வந்தால், “வாங்கண்ணா” என்று என்னை முகமலர்ந்தே அழைக்கிறான். அதுவே எனக்குப் பாரமாக இருக்கிறது.

நான் மெட்ரிகுலேஷன் தேறிய ரயில்வே குமாஸ்தா. பயணச்சீட்டு முன்பதிவில் ஒன்று கண்டிருக்கிறேன்: இடமில்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடுவதில்லை, காத்திருப்போர் பட்டியலில் எண் கொடுக்கிறோம். எவரேனும் விலகினால் அவருக்கு இடம் கிடைக்கிறது. மனிதர் திறமைக்கும் அத்தகைய பட்டியல் ஒன்று வேண்டாமா?

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு தேர்வை ஒரு நாள் ஓட்டத்தோடு முடிக்காமல், மூன்று ஆட்டங்கள் ஆடவிட்டுப் பார்ப்போம். எடுக்கப்படாதவர் பெயர்களையும் எழுதி வைத்து, பருவ நடுவில் மறுமுறை அழைப்போம். முதல் பெயராக நான் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் கோவையிலிருந்து வந்துபோகும் பேருந்துச் செலவை நானே ஏற்கிறேன். அவன் வருவானா என்பது அவன் விருப்பம். அழைக்க வேண்டியது என் கடமை.