வேன் எந்தத் தெருவோடு திரும்புகிறது?



காலை எட்டு மணிக்கு திண்டிவனம் – மயிலம் ரோட்டிலோ, விழுப்புரம் – விக்கிரவாண்டி பக்கமோ ஏதாவது ஒரு கிராமத்தில் பத்து நிமிஷம் நில்லுங்க. தனியார் பள்ளியின் மஞ்சள் வேன் எந்தத் தெருவுக்குள்ள போகுது, எந்தத் தெரு முனையோட திரும்பிடுதுன்னு பாருங்க. அப்புறம் அதே ஊரின் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் யார் பிள்ளைங்க உட்கார்ந்திருக்காங்கன்னு பாருங்க.

"தனியார் பள்ளியில் சாதியே கிடையாது ப்ரோ, ஃபீஸ் கட்டினா யார் வேணாலும் சேரலாம்" என்று கமெண்டில் வருவார்கள். சரி. ஃபீஸ் கட்டும் காசு யாரிடம் இருக்கு? நிலம் யார் பேரில் இருக்கு? கரும்புக்கு மொத்தமாகப் பணம் வாங்குபவர் யார், அதே வயலில் தினக்கூலி வாங்குபவர் யார்? சாதிச் சான்றிதழ் கேட்காமலேயே சாதியை வடிகட்டும் சல்லடைக்குப் பெயர்தான் கட்டணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், அன்றைய பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 100 பேரில் 29 பேர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20. அந்தக் கணக்குப்படி 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 11, 12 பேர் சேரிப் பிள்ளைகளாக இருக்கணும். உங்களுக்குத் தெரிந்த தனியார் பள்ளியில் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.

அமெரிக்காவில் 1954-இல் உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்குத் தனிப் பள்ளி, கருப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி என்பது செல்லாது என்றது. தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் என்ன செய்தார்கள்? தனியார் பள்ளி தொடங்கி வெளியேறினார்கள். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடினார்கள். வெள்ளைக் குழந்தைகளுக்குத் தனியார் பள்ளி இருந்தது. கருப்பினக் குழந்தைகள் பெரும்பாலோருக்குப் பள்ளியே இல்லை. இங்கே யாரும் பூட்டுப் போடல. வேன் மட்டும் வாங்கினாங்க.

பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோரை நாம் குறை சொல்லல. கடன் வாங்கிச் சேர்ப்பவர்கள் எல்லாச் சாதியிலும் இருக்காங்க. ஆனால் ஊரில் செல்வாக்குள்ளவர் வீட்டுப் பிள்ளை வெளியேறும்போது, அந்தப் பள்ளிக்காகக் கேட்கும் குரலும் சேர்ந்தே வெளியேறுது. கழிப்பறையில் தண்ணி வரலன்னா பி.டி.ஓ.வுக்கு போன் போடும் ஆள் போயிட்டார். மிச்சம் இருப்பது கூலிக்காரரின் பிள்ளை. எண்ணிக்கை குறைஞ்சா ஆசிரியரும் குறைவார். அப்புறம் "அரசுப் பள்ளி சரியில்ல" என்று அதே ஆட்கள் சொல்வார்கள்.

இதை உடைக்கத்தான் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் அந்தச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, சிறுபான்மையினர் அல்லாத தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் தரச் சொல்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

நடந்தது என்ன? பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடலன்னு ஒன்றிய அரசு தமிழ்நாட்டின் கல்வி நிதியை நிறுத்தியது. 2025 ஜூனில் பள்ளி திறந்தபோது 25 சதவீத சேர்க்கை தொடங்கவே இல்லை. அக்டோபரில்தான் தொடங்கியது. அதுவும் ஏற்கனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த குழந்தைகளில் இருந்து! ஜூனில் பணம் கட்ட முடியாத குழந்தை அக்டோபரில் அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? டெல்லி பணத்தைப் பிடித்து வைத்தது அநியாயம். அந்தச் சுமையைக் கூலிக்காரர் பிள்ளை தலையில் இறக்கியதும் அநியாயம்தான்.

உள்ளே நுழைந்த பிள்ளைக்கும் எட்டாம் வகுப்பு வரைதான் சட்டம் துணை. ஒன்பதாம் வகுப்பில் முழு ஃபீஸ் கேட்டா அந்த அப்பா எங்கே போவார்?

2023-இல் மேல்பாதி திரௌபதி அம்மன் கோவிலுக்கு சீல் வைத்தபோது நாடே அந்தக் கதவைப் பற்றிப் பேசியது. தினமும் காலையில் சத்தமே இல்லாமல் மூடும் இந்தக் கதவைப் பற்றி யார் பேசுவது?

எஞ்சினியரிங் படிச்ச பசங்களுக்கு ஒண்ணு தெரியும். இதுக்குப் புது சர்வே எதுவும் வேண்டாம். எமிஸ் தளத்தில் ஒவ்வொரு மாணவரின் விவரமும் சமூகப் பிரிவோடு இருக்கு. ஒரே ஒரு குவெரி போட்டால் போதும். எந்த மாணவரின் பெயரும் வெளியே வர வேண்டாம், பள்ளிவாரி மொத்த எண்ணிக்கை மட்டும் வரட்டும்.

நம் கோரிக்கைகள்:

1. ஒவ்வொரு ஒன்றியத்திலும் அரசு, உதவி பெறும், தனியார் பள்ளிகளின் சமூகப் பிரிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடு.

2. 25 சதவீத சேர்க்கையை ஏப்ரலிலேயே தொடங்கு. நிதி வரும்வரை மாநில அரசே பொறுப்பேற்கட்டும். அந்த இடங்களுக்குள் பட்டியல் சாதி, பழங்குடிக் குழந்தைகளுக்குத் தனிப் பங்கு வை.

3. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையும் அந்தப் பிள்ளைகளைத் தொடர வை.

4. எல்லாவற்றுக்கும் மேலாக, வேனில் போன பிள்ளையும் திரும்பி வர ஆசைப்படும்படி ஊர்ப் பள்ளியைக் கட்டு. வகுப்புக்கு ஒரு ஆசிரியர், தண்ணி வரும் கழிப்பறை, சுற்றுச்சுவர்.

உங்க ஊரில் வேன் எந்தத் தெருவோடு திரும்புதுன்னு கமெண்டில் எழுதுங்க. பள்ளிப் பெயரோ, பிள்ளைகள் பெயரோ வேண்டாம், ஊர்ப் பெயர் போதும். பகிருங்கள்.

#பள்ளியிலும்_சமூகநீதி #விழுப்புரம் #திண்டிவனம்