பொது அறிவுன்னா யாருக்குப் பொது?

போன மாசம் தம்பி குடும்பத்தோட சென்னையில இருந்து வந்திருந்தான். அவன் பையனுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் கிடையாது, வீட்டிலேயே பாடம். அதுல எனக்கு வருத்தம் இல்லை. மார்க்குக்காகப் பிள்ளைகளைப் பிழியுறதை நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். என் சண்டை அவன் கொண்டுவந்த புத்தகத்தை வெச்சுத்தான்.

அமெரிக்கப் புத்தகம். ஹிர்ஷ்னு ஒரு பேராசிரியர் தொகுத்தது. ஒண்ணாவது படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியணும், ரெண்டாவது பிள்ளைக்கு என்ன தெரியணும்னு ஆறாவது வரைக்கும் வகுப்புக்கு ஒண்ணு. கதை, சரித்திரம், ஓவியம், இசை, கணக்கு, அறிவியல் எல்லாம் ஒரே அட்டைக்குள்ள. "எந்த வயசுக்கு எதுன்னு அவங்களே வரிசைப்படுத்திட்டாங்கண்ணே, நமக்குக் கவலையில்லை"ன்னான் தம்பி.

பையன் கெட்டிக்காரன். மிசிசிப்பி ஆறு எங்கே போய்ச் சேருதுன்னு சொன்னான். பாஸ்டன் துறைமுகத்துல தேயிலைப் பெட்டிகளைக் கடல்ல கொட்டின கதையை நடிச்சே காட்டினான். கேட்க சந்தோஷமா இருந்தது.

சாயங்காலம் பாகப்பிரிவினைப் பேச்சுக்காகப் பட்டாவை எடுத்து வெச்சிருந்தேன். "இதுல உங்க தாத்தா பேரு எங்கே இருக்கு, படி சாமி"ன்னு அவன் கையில கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. நாளைக்கு ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தக்காரன். நஞ்சை எது, புஞ்சை எதுன்னு எவனோ படிச்சுச் சொன்னாத்தான் உண்டு. படிச்சுச் சொல்றவன் நல்லவனா இருக்கணும்.

இதுக்கு அந்தப் பேராசிரியர் மேல பழி போட மாட்டேன். அவர் சொல்றது நியாயம். எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா மட்டும் போதாது, விஷயம் முன்னாடியே கொஞ்சம் தெரிஞ்சாத்தான் படிக்கிறது புரியும்; ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சது ஏழைப் பிள்ளைக்கும் தெரியணும். 1987லேயே இதை எழுதிட்டார். ஆனா அவர் சொன்ன ஊர் அமெரிக்கா. அங்கே வளர்ற பிள்ளைக்கு அது பொது. நம்ம பையன் அந்தப் பொதுவை யாரோட பங்கு போடுவான்? அப்பாயிகிட்டயா? தெருமுனைக் கடைக்காரர்கிட்டயா?

"அப்போ உலக அறிவே வேண்டாமா?"ன்னு தம்பி கோபப்பட்டான். வேணும்டா. 1773ல பாஸ்டன்ல கொட்டின தேயிலை யாரோடது? கிழக்கிந்தியக் கம்பெனியோடது. அதே கம்பெனிதான் 1639ல மதராஸ்ல இடம் பிடிச்சு, கோட்டை கட்டினது. உன் வீட்டிலிருந்து பஸ் ஏறினா அந்தக் கோட்டை. பாடத்தை முடிச்ச கையோட பையனை அங்கே கூட்டிட்டுப் போயிருந்தா, பாஸ்டனும் புரிஞ்சிருக்கும், சென்னையும் புரிஞ்சிருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. அதையும் பக்கத்துல வெச்சுக்கிட்டா என்ன குறைஞ்சு போகும்?

மறுநாள் கடலைக்காட்டுல பையன் கேட்டான்: "பூ மேல இருக்கு, காய் எப்படிப் பெரியப்பா மண்ணுக்குள்ள போச்சு?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள தம்பி, "அதெல்லாம் பெரிய கிளாஸ்ல வரும்"னுட்டான். எனக்குச் சுருக்குன்னது. ஒரு செடியைப் பிடுங்கி, பூ வாடின இடத்துல இருந்து விழுது இறங்கி மண்ணுக்குள்ள போறதைக் காட்டினேன். கேள்வி வந்த நாள்தான் பாடத்துக்கு நாள். வரிசை அப்பனுக்கு வசதி, பிள்ளைக்கு இல்லை.

எங்க ஊர்ப் பிள்ளைங்க மட்டும் ஒழுங்கான்னு கேட்பீங்க. பட்டாவையே பார்க்காத பிள்ளைங்க இங்கேயும் உண்டு. குத்தத்துல எனக்கும் பங்கு இருக்கு. எட்டு வருஷமா லீவுக்கு வந்து போறான், ஒரு 'அ' நான் எழுதிக் காட்டலை.

பத்திரம் இன்னும் எழுதலை. பையன் தாத்தா பேரைப் பட்டாவுல தானே விரல் வெச்சுப் படிக்கட்டும், அன்னைக்கு எழுதலாம்னு சொல்லிட்டேன். தம்பி முகம் கொடுக்காமத்தான் கார் ஏறினான்.