கூடவே தரையில் படுத்தவர்

2019 ஜூன் மாதம், அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள 'ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர்' பூங்கா. ஆட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்பைடர்மேன் ரைடில் ஏற நாள் முழுக்கப் பொறுமையாகக் காத்திருந்தான். அவன் ஏறப்போகும் நேரம் பார்த்து ரைடு பழுதாகி நின்றது. பையன் தரையில் விழுந்து கதறினான். மூச்சு வாங்கியது, அம்மா தூக்கப் பார்த்தும் முடியவில்லை.

அங்கே வேலை பார்த்த ஒரு பெண் ஓடிவந்தார். "எழுந்திரு" என்று சொல்லவில்லை. அவனுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்துக்கொண்டார். ஏமாற்றம்தான், அழலாம், கத்தலாம் என்று மெதுவாகப் பேசினார். அவனோடு சேர்ந்து மூச்சை இழுத்து விட்டார். வேடிக்கை பார்க்க நின்றவர்களை நகரச் சொன்னார், படம் எடுக்கவும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் பையன் எழுந்து உட்கார்ந்தான். அம்மா இதை ஃபேஸ்புக்கில் எழுத, உலகமெங்கும் செய்தியானது.

அந்தப் பெண் செய்தவற்றில் பெரியது, கூட்டத்தை விலக்கியதுதான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குச் சத்தமும் வெளிச்சமும் நெரிசலும் அளவுக்கு மீறித் தாக்கும். எதிர்பார்த்தது திடீரென மாறினால் தாங்காது. பொம்மை கேட்டுப் பிடிக்கும் அடம் வேறு, இது வேறு. இந்த அழுகையை நிறுத்துவது குழந்தையின் கையில் இல்லை. அந்த நேரத்தில் சுற்றி நூறு கண்கள் முறைத்தால் வேதனை கூடத்தான் செய்யும்.

இனி அழகர்கோவிலுக்கு வருவோம். மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே பதினெட்டாம்படி கருப்பு சன்னதி முன்னால் கூட்டம் நெரியும். சித்திரைத் திருவிழாவில் கேட்கவே வேண்டாம். அழகர் மலையிறங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை முடிந்து வைகைக்குப் போகும்வரை வேட்டுச் சத்தம், கொட்டு, ஒலிபெருக்கி. துருத்தியிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும் என்று தெரியாது. நமக்கு அதுவே ஆனந்தம். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடும் பிள்ளைக்கு? "புள்ளைய அடக்கத் தெரியல" என்ற பேச்சைக் கேட்டுக்கேட்டே, திருவிழாப் பக்கம் வருவதை விட்டுவிட்ட தாய்மார்கள் உண்டு. அழகரைப் பார்க்கும் ஆசை அவர்களுக்கு மட்டும் இருக்காதா?

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம் அவற்றில் ஒன்று. இத்தகைய குழந்தைகளுக்கு என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள 'செசமி பிளேஸ்' பூங்கா 2018இல் தன் ஊழியர்களுக்கு ஆட்டிசம் குறித்துப் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் பெற்றது. அங்கே அமைதி அறை உண்டு. சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் கிடைக்கும். எந்த ரைடில் எவ்வளவு சத்தம், எவ்வளவு வெளிச்சம் என்ற விவரத்தையும் முன்கூட்டியே தருகிறார்கள்.

நமக்கு அவ்வளவு செலவுகூட வேண்டாம். காணாமல் போன குழந்தையின் பெயரை மைக்கில் சொல்ல, நம் திருவிழாக்களில் ஏற்கெனவே பந்தல் போடுகிறோம். அதிலிருந்து சற்றுத் தள்ளி, ஒலிபெருக்கி எட்டாத ஓரத்தில், நான்கு பக்கமும் படுதா கட்டி ஒரு சின்ன இடம் ஒதுக்கலாம். பாயும் தண்ணீரும் போதும். காவலுக்கு நிற்கும் போலீசாருக்கும் தன்னார்வலர்களுக்கும் ஒரு மணி நேரம் விளக்கிச் சொல்லலாம். அடுத்த சித்திரைக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில் குடிநீர், கழிப்பறை, ஆம்புலன்ஸ் வரிசையில் இதையும் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்; இடம் பார்ப்பதும் ஆள் போடுவதும் ஒரு நாள் வேலைதான்.